திங்கட்கிழமை மாத்திரைகள்

செல்வராணிக்குக் கால் வீங்கியிருப்பது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செருப்பைக் கழற்ற முடியாமல் போனபோதுதான் வீட்டில் தெரிந்தது. வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு காலால் மறு காலின் செருப்பைத் தள்ளிப் பார்த்தாள். வரவில்லை. மகள் ரோஹிணி குனிந்து வாரை அவிழ்த்துவிட்டாள். வார் இருந்த இடத்தில் ஆழமாகத் தடம் விழுந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே ரோஹிணி கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"பூரா நாளும் நின்னுக்கிட்டே இருக்கம்லா. நின்னா வீங்கத்தான் செய்யும்," என்றாள் செல்வராணி.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வங்காளத்துத் தலைநகருக்கு வந்தவள் அவள். காளிகாட் மெட்ரோவுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்துக்குள் சின்ன மார்க்கெட். அதில் அவள் கணவன் முத்தையா வைத்த கடை; கல்யாணமானதிலிருந்து அவளும் அதில்தான் நின்றாள். தோசை மாவு, அப்பளம், காப்பிப்பொடி, கருவேப்பிலை, முருங்கைக்காய். கோவிட் வந்த வருஷம் முத்தையா போய்விட்டார். கடையை விற்றுவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. செல்வராணி யாரிடமும் விவாதிக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் போய்க் கதவைத் தூக்கினாள். மாவு அரைக்க காஜல் என்று ஒரு பெண் கேனிங் லோக்கல் ரயிலில் வந்து பாலிகஞ்சில் இறங்கி வருவாள். கல்லாவில் நிற்பது, மாவு அளப்பது, சரக்குக்காரர்களோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் செல்வராணி. தமிழ்க் குடும்பங்களைவிட வங்காளிகள்தான் இப்போது அதிகம் மாவு வாங்குகிறார்கள். அவர்களுக்கு அவள் ராணி மாசி, அதாவது ராணிச் சித்தி.

ரோஹிணி நியூ டவுனில் ஒரு கணினிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அந்த வாரமே லீவு போட்டு, ராஷ்பிஹாரி முனையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த டாக்டர் பாசுவின் சேம்பருக்கு அம்மாவை அழைத்துப் போனாள். அவர் இதயத்தை ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ரத்தம் பார்க்கச் சொன்னார். எல்லாம் வந்த பிறகு, வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தத்தால் இதயம் கொஞ்சம் களைத்துப்போயிருக்கிறது, ரத்தத்தைத் தள்ளுகிற வேகம் குறைந்திருக்கிறது, அதனால்தான் காலில் நீர் தங்குகிறது என்றார். அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. நீர் இறங்க ஒரு மாத்திரை, நாற்பது மில்லிகிராம், தினமும் காலையில் ஒன்று. உப்பைக் குறைக்க வேண்டும். அப்பளம் கூடாது.

"சிறுநீர் நிறையப் போகும், பயப்பட வேண்டாம்," என்று கடைசியாக ரோஹிணியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். ரோஹிணி தலையாட்டினாள். அதை அவள் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயமாக அது அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் காலை இட்லி சாப்பிட்டதும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு செல்வராணி ஆட்டோ ஏறினாள். கஸ்பாவில் வீடு, கடைக்கு அரைமணி நேரப் பயணம். கதவைத் தூக்கி, விளக்கேற்றி, முதல் பாத்திர மாவைப் பொட்டலம் போடும்போதே அடிவயிறு கனத்தது. அடக்கிக்கொண்டாள். அடக்குவது அவளுக்குப் புதிதில்லை. அந்த மார்க்கெட்டுக்குக் கழிப்பறை என்று இரண்டு சின்ன அறைகள் பின்பக்கம் உண்டு. ஒன்றுக்கும் தாழ்ப்பாள் கிடையாது, மீன்காரர்களும் சுமைகூலிகளும் வரிசையாகப் போய் வருவார்கள், தண்ணீர் இருந்தால் இருக்கும். கடைக்கு வந்த முதல் வருஷம் ஒரே ஒரு தடவை அதற்குள் போய்விட்டு வந்து, இனி போவதில்லை என்று முடிவு செய்தவள். காலையில் அரை டம்ளர் காப்பி, அதன்பிறகு ராத்திரி வீட்டுக்குப் போகும்வரை வாயை நனைக்கிற அளவுக்குத் தண்ணீர். இப்படியே கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஓட்டியாயிற்று. மத்தியானம் கடையைச் சாத்தும் நேரத்திலும் வீட்டுக்குப் போகமாட்டாள். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துவிடுவாள்.

ஆனால் இந்த மாத்திரையிடம் அந்தப் பழக்கம் எடுபடவில்லை. வரிசையில் நாலு பேர் நிற்கும்போது கையிலிருந்த கரண்டியை அப்படியே மாவில் விட்டுவிட்டு, "காஜல், பார்த்துக்கோ," என்று பின்பக்கம் ஓடினாள். அந்தக் காலைப்பொழுதில் அப்படி இன்னும் இரண்டு தடவை ஓடவேண்டி வந்தது. மூன்றாவது தடவை இரண்டு அறையிலும் ஆள் இருந்தது. அவள் வெளியே சுவரோரம் நின்றாள். நின்ற இடத்திலேயே கொஞ்சம் நனைந்துபோனது. புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பி, எதுவும் நடக்காதது போல மாவு அளந்தாள். காஜல் பார்த்துவிட்டு கிரைண்டரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிப் பார்த்தாள். தூக்கம் போயிற்று; விடியும்போது கண் எரிந்தது, கல்லாவில் கணக்குத் தப்பியது. அதுவும் சரிப்படாது என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று வீட்டில்தான் இருப்பாள். ஆகவே திங்கட்கிழமை மாத்திரை போடலாம் என்று தோன்றியது. ஆனால் டாக்டர் தினமும் என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் மற்ற நாட்களில் விட்டதையும் சேர்த்து அன்றைக்கே போட்டுவிட்டால் என்ன? காலையில் பட்டினி கிடந்தால் மத்தியானம் ஒரு பிடி கூடச் சாப்பிடுகிறோம், அது மாதிரிதான் இதுவும் என்று நினைத்தாள். எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கப் பயமாக இருந்ததால் மூன்றோடு நிறுத்திக்கொண்டாள். அன்று முழுவதும் குளியலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். சாயங்காலம் பார்த்தால் கணுக்கால் எலும்பு தெரிந்தது. பல மாதங்களாகப் பார்க்காத எலும்பு. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு, தன் யோசனை சரிதான் என்று முடிவுக்கு வந்தாள்.

ரோஹிணிக்குத் தெரியக்கூடாது என்று பெரிதாகத் திட்டம் ஒன்றும் போடவில்லை. காலையில் மகள் பார்க்க அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுப்பாள். "கடைக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போட்டுக்கிடுதேன்," என்று கைப்பையில் போட்டுக்கொள்வாள். கடையில் காலிப் பெருங்காய டப்பா ஒன்றில் அது சேரும். அட்டை ஒழுங்காகக் காலியாகிக்கொண்டே வந்தது. ரோஹிணி புதுசு வாங்கிவந்தாள்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் பாசுவிடம் போன நாள் ஒரு சனிக்கிழமை. அதாவது போன திங்கட்கிழமையின் பலன் எல்லாம் தீர்ந்து, கால் மறுபடி ஊறியிருந்த நாள். அவர் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது.

"தினமும் சாப்பிடுகிறார்களா?"

"நான் பாக்கத்தான் எடுக்கறாங்க டாக்டர்," என்றாள் ரோஹிணி.

செல்வராணி மேஜைமேல் இருந்த இதயத்தின் பிளாஸ்டிக் உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் யோசித்தார். மருந்து தினமும் உள்ளே போயும் நீர் இறங்கவில்லை என்றால் அளவு போதவில்லை என்றுதான் அர்த்தம். காலையில் இரண்டாக ஆக்கி எழுதினார். ஒரு வாரத்தில் ரத்தத்தில் உப்புகளின் அளவைப் பார்த்துவிட வேண்டும் என்றும் எழுதினார். பொய்லா பொய்ஷாக், அதாவது வங்காளிகளின் வருஷப்பிறப்பு, நெருங்கிக்கொண்டிருந்தது; கடையில் கூட்டம். ரத்தப் பரிசோதனை அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிப்போயிற்று.

டப்பாவில் இப்போது இரட்டிப்பாகச் சேர்ந்தது. திங்கட்கிழமை மூன்று ஆறாகியது. செல்வராணிக்கு அதில் விநோதம் எதுவும் தெரியவில்லை, டாக்டரே இரட்டித்திருக்கிறார். மே மாத வெயில் வேறு. மற்ற நாட்களில் பழக்கப்படி தண்ணீர் குடிப்பதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கெண்டைக்கால் முறுக்கிப் பிடித்தது, நாக்கு ஒட்டியது, கல்லாவிலிருந்து எழுந்தால் கடை ஒருமுறை சுற்றி வந்து நின்றது. வெயில்தான் என்று மோர் குடித்தாள், அதையும் அரை டம்ளரோடு நிறுத்திக்கொண்டாள்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, பாலிகஞ்சிலிருந்து வழக்கமாக வரும் மீனாக்ஷி என்கிற வங்கி அதிகாரி காப்பிப்பொடி கேட்டார். மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினாள் செல்வராணி. டப்பா கைக்கு வந்தது. அதோடு அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். காஜல் மாவுக் கையோடு ஓடிவந்து பிடித்ததால் தலை கிரைண்டரில் மோதவில்லை, தோள்தான் மோதியது. மீனாக்ஷி தன் காரிலேயே பக்கத்து நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு ரோஹிணிக்குப் போன் செய்தார்.

ரத்தத்தில் பொட்டாசியம் அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தது. ஈ.சி.ஜி.யில் துடிப்பு தடுமாறியது. ஊசி வழியாக உப்பும் நீரும் மெதுவாக ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் டாக்டர் பாசு வந்தார். காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் கொடுத்த அளவுக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாதே," என்றார்.

அந்த நேரம் ரோஹிணிக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனாள். செல்வராணி கதவைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து வங்காளியில் பேசத் தொடங்கினாள்.

தமிழில் என்றால் அவளால் சொல்லியிருக்க முடியாது. தமிழில் அந்த வார்த்தைகள் எல்லாம் வீட்டுக்குள்ளே, பெண்களுக்குள்ளே, குரலை இறக்கிச் சொல்கிற வார்த்தைகள். வங்காளி அவளுக்குக் கடையில் கற்ற பாஷை. அதில் அரிசி விலையைச் சொல்வதுபோல எதையும் சொல்லலாம். கழிப்பறையைச் சொன்னாள். தாழ்ப்பாள் இல்லாததைச் சொன்னாள். முதல் நாள் சுவரோரம் நின்றதைச் சொன்னாள். திங்கட்கிழமைகளையும் பெருங்காய டப்பாவையும் சொன்னாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் நோயாளிகளின் படுக்கையருகே உட்காருகிறவர் அல்ல.

"ஆறு மாத்திரையா? ஒரே நாளில்?"

"ஒரே தடவையா இல்லை, டாக்டர்பாபு. காலையில மூணு, மத்தியானம் மூணு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாசி, இது கடன் மாதிரி சேர்த்துத் தீர்க்கிற விஷயம் இல்லை," என்றார். "இந்த மாத்திரை உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அது உடம்பில் இல்லை. செவ்வாய்க்கிழமை தங்குகிற நீரைத் திங்கட்கிழமை போட்ட மாத்திரை வந்து எடுக்காது. தவறிப்போனது தவறிப்போனதுதான், அதை விட்டுவிட்டு மறுநாள் வழக்கமான அளவைப் போட வேண்டும். ஒரே நாளில் ஆறு போட்டால் தேவையில்லாத நீர் மட்டும் போகாது, தேவையான நீரும் போகும். அதோடு உப்பும் பொட்டாசியமும் போகும். இதயம் ஒழுங்காகத் துடிக்க அது வேண்டும்."

"ஆனா திங்கக்கிழமை கால் நல்லா வத்திப்போகுமே."

"படுத்திருந்தால், காலைத் தலையணைமேல் வைத்திருந்தால் பாதி வீக்கம் தானாகவே இறங்கும். காலை நம்பாதீர்கள். எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்குங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் ஏறி நில்லுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால் நீர் சேருகிறது. எனக்குப் போன் செய்யுங்கள். விறுவிறுவென்று இறங்கினாலும், தலை சுற்றினாலும், அப்போதும் செய்யுங்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

பிறகு அவர் கேட்ட கேள்வியை அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. "கடை எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்குச் சாத்தும்?"

காலை ஏழுக்குத் திறந்து ஒரு மணிக்குச் சாத்துவது, திரும்ப ஐந்துக்குத் திறப்பது என்று சொன்னாள்.

"மத்தியானம் வீட்டுக்குப் போவீர்களா?"

"இல்லை. கடையிலேயே படுத்துக்கிடுவேன்."

"இனி போங்கள். வீட்டுக்குப் போனதும் மாத்திரையைப் போடுங்கள். முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் வேகமாக இருக்கும். ஐந்து மணிக்கு நீங்கள் கடைக்கு வரும்போது பெரும்பாலும் அடங்கியிருக்கும்."

"காலையில போடணும்னுதானே எழுதியிருந்தது."

"காலையில் என்று எழுதுவது, ராத்திரித் தூக்கம் கெடாமல் இருக்க. அதற்காக மட்டும்தான்."

அவளுக்கு இவ்வளவுதானா என்று இருந்தது. மணியை மாற்றலாம் என்பது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு மணிதான் சிக்கல் என்பது அவருக்குத் தெரியாது. அளவை மறுபடி ஒன்றாகக் குறைத்து எழுதிக்கொடுத்தார். "இரண்டாக்கினது, நீங்கள் தினமும் சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்து. ஒன்றே போதுமா என்று இன்னும் நாம் பார்க்கவே இல்லை," என்றார். அதில் கோபம் இல்லை. தன் மீதும் அவருக்குக் கொஞ்சம் அதிருப்தி இருந்த மாதிரி தெரிந்தது.

வீட்டுக்குப் போகிற வாடகைக் காரில் ரோஹிணி வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் வராந்தாவில் அவளிடமும் பேசியிருந்தார்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொல்லி? நீ ஆபீஸ விட்டுட்டு வந்து கடையில நிப்பியா?"

"அது இல்ல. டாக்டர் என்கிட்ட சொன்னாரு, யூரின் நிறைய போகும்னு. ஐ ஜஸ்ட்... எனக்குத் தோணவே இல்ல. எங்க ஆபீஸ்ல ஒவ்வொரு ஃப்ளோர்லயும் இருக்கு. நான் யோசிக்கவே இல்ல."

"நீ யோசிக்கலன்னு யாரு சொன்னா. எனக்குச் சொல்ல வரல, அம்புட்டுதான்."

கடியாஹாட் மேம்பாலத்தில் கார் நின்று நின்று போனது. செல்வராணி மகளின் மடியில் கிடந்த மருந்துப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

எடை மெஷின் வந்தது. பழைய டப்பாவை மாத்திரைகளோடு ரோஹிணி மருந்துக் கடையில் கொடுத்துவிட்டாள். மத்தியானம் ஆட்டோவில் வீட்டுக்குப் போய்வருவது ஆரம்பத்தில் செல்வராணிக்கு வீண் அலைச்சலாகப் பட்டது. பிறகு அது பழகியது. போட்ட மாத்திரை தன் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டது. தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் டாக்டர் அளந்து சொல்லியிருந்தார். அதைக் கடையில் இருக்கும் நேரத்திலும் பிரித்துக் குடித்தாக வேண்டும். அங்கேதான் மறுபடி அந்தப் பின்பக்கத்துக் கதவு வந்து நின்றது.

ஒருநாள் அவள் மார்க்கெட் கமிட்டி அலுவலகத்துக்குப் போனாள். செயலாளர் மித்ராபாபு டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரும் அவளை மாசி என்றுதான் கூப்பிடுவார். பெண்களுக்குத் தனியாக ஒரு கழிப்பறை வேண்டும், தாழ்ப்பாளும் தண்ணீரும் வேண்டும் என்றாள். அவர் முகத்தைக் கோப்பைக்குள் வைத்துக்கொண்டு, "பார்க்கலாம் மாசி, இத்தனை வருஷமாக யாரும் கேட்டதில்லையே," என்றார்.

"கேக்கலை. அது எங்க தப்புதான். இப்ப கேக்குறோம்," என்றாள். தனியாகப் போகவில்லை. பூக்காரி இருவர், மீன் விற்கும் ஒருத்தி, காஜல் எல்லோரும் பின்னால் நின்றார்கள். காஜலும் காலை லோக்கல் ஏறினதிலிருந்து திரும்ப வீடு போகும்வரை அடக்குகிறவள்தான் என்பது செல்வராணிக்கு அந்த வாரம்தான் தெரியவந்தது. இத்தனை நாள் பக்கத்தில் நின்று மாவு அரைத்தவள்.

கமிட்டி தனியாகக் கட்டித் தரவில்லை. இருந்த இரண்டில் ஒன்றைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியது. தாழ்ப்பாளும் வெளியே ஒரு பூட்டும் போட்டது. தண்ணீர்க் குழாய் வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை வாளியில் நிரப்பி வைக்கிறார்கள். சாவி செல்வராணி கடையில் தொங்குகிறது. பெண்கள் வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்; சிலர் அப்படியே கருவேப்பிலையும் வாங்குகிறார்கள்.

வீக்கம் முழுக்கப் போய்விடவில்லை. சாயங்காலமானால் செருப்பு வார் இலேசாகத் தடம் பதிக்கிறது. எடை பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கிறது. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்லை. ஒன்றே போதும் என்று டாக்டர் உறுதிசெய்துவிட்டார்.

புரட்டாசி கடைசியில் வங்காளிகளின் பெரிய பண்டிகையான துர்கா பூஜை நெருங்கியது. பந்தல் பார்க்க வரும் கூட்டத்துக்காக அந்த நாட்களில் மார்க்கெட்டில் யாரும் மத்தியானம் கடையைச் சாத்துவதில்லை. செல்வராணி அதற்கு முந்தின வாரமே தானாக டாக்டர் பாசுவுக்குப் போன் போட்டாள்.

"பூஜை நாலு நாளும் மத்தியானம் வீட்டுக்குப் போக முடியாது, டாக்டர்பாபு. அந்த நாலு நாள் மட்டும் விடியறதுக்கு முன்னால அஞ்சு மணிக்குப் போட்டுக்கிட்டு, கடையப் பத்து மணிக்குத் திறந்தாச் சரியா வருமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "முந்தின நாள் மத்தியானம் போட்டதற்கும் இதற்கும் இடைவெளி குறைகிறது. மாற்றுகிற முதல் நாள் மட்டும் எடையைப் பார்த்து, தலை சுற்றல் இருக்கிறதா என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள். மற்றபடி சரியாக வரும்," என்றார்.

பூஜையின் நாலு நாளும் கடை பத்து மணிக்குத்தான் திறந்தது. காலையில் மாவுக்கு வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்து முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். பத்து மணிக்குத் திரும்ப வந்தார்கள். ராணி மாசி ஏன் தாமதம் என்று ஒருவர் கேட்டார்.

"மருந்து நேரம்," என்று வங்காளியில் சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு கிலோ மாவு நிறுத்துக் கொடுத்தாள்.